கோரிக்கை எந்த இடத்தில் நின்றது? ஜாங்கோ செயலியில் அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பாவூர்சத்திரத்திலும் சுரண்டையிலும் உள்ள காய்கறி மண்டிகள், புளியரை வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதற்காக ஆர்டர் வாங்கும் ஒரு வலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். முன்னால் கோரிக்கைகளை முதலில் வாங்கும் வலைச் சர்வரான என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் பைத்தான் நிரலை ஓட்டும் குனிகார்ன், அதற்குள் செயலி எழுதப்பட்ட பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோ, அடியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிப் பராமரிக்கும் சிறிய செயலிகள் பலவற்றின் அமைப்பு இதுதான் என்பதால், இக்கட்டுரையின் அறிகுறிகள் அனைத்தும் இந்த அமைப்பை வைத்தே சொல்லப்படுகின்றன. அமைப்புக் கோப்பில் வரும் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். ஜாங்கோவின் அமைப்புக் கோப்பில் அவை பெரிய எழுத்துகளில், சொற்களுக்கு இடையே அடிக்கோட்டுடன் இருக்கும்.

பிழை என்றதும் வியூ, அதாவது கோரிக்கைக்கு மறுமொழி தரும் செயற்கூறு, எழுதிய கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தொடங்குவது பலருடைய பழக்கம். கோரிக்கை அந்த வியூவை எட்டியதா என்பதே தெரியாத நிலையில் அது வீண் வேலை. பாவூர்சத்திரத்தில் ஏற்றிய லோடு புனலூர் வந்து சேரவில்லை என்றால் புனலூர்க் கடையின் கிட்டங்கியை யாரும் துழாவுவதில்லை. வண்டி புளியரையைத் தாண்டியதா, ஆரியங்காவைத் தாண்டியதா என்றுதான் முதலில் கேட்கிறோம். வலைக் கோரிக்கையும் கைபேசியிலிருந்து புறப்பட்டு, என்ஜின்எக்ஸ், குனிகார்ன், ஜாங்கோவின் மிடில்வேர் வரிசை (வியூவுக்கு முன்னும் பின்னும் ஓடும் இடைநிலை நிரல்கள்), முகவரிப் பட்டியல் ஆகியவற்றைக் கடந்த பிறகே வியூவுக்குள் நுழைகிறது. எந்த அடுக்கு பதில் சொன்னது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க மூன்று பதிவேடுகள் வேண்டும்: என்ஜின்எக்ஸின் அணுகல் பதிவும் பிழைப் பதிவும், குனிகார்ன் பதிவு, ஜாங்கோவின் பதிவு. என்ஜின்எக்ஸின் இயல்பான பதிவு வடிவத்தில் பின்னணிச் சர்வர் என்ன பதில் சொன்னது, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற விவரங்கள் இருப்பதில்லை. ‘அப்ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸ்’, ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற இரண்டு மாறிகளையும் நீங்களேதான் சேர்க்க வேண்டும். சேர்த்த பின், அந்த இடத்தில் வெறும் சிறுகோடு மட்டும் இருந்தால் கோரிக்கை என்ஜின்எக்ஸிலேயே நின்றுவிட்டது என்று பொருள். கூடவே ‘ரிக்வெஸ்ட் ஐடி’ மாறியையும் பதிவில் சேர்த்து, அதையே ஒரு ஹெட்டராகப் பின்னால் அனுப்பி, ஜாங்கோ பதிவிலும் அச்சிடச் செய்தால், ஒரே கோரிக்கையின் தடத்தை எல்லாப் பதிவுகளிலும் தேடிப் பிடிக்க முடியும். இந்த ஏற்பாடு இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி: எல்லாப் பக்கங்களுக்கும் 400, வியூவில் வைத்த பதிவு வரி ஒன்றுகூட அச்சாகவில்லை

முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ பட்டியலை. கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெட்டரில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஜாங்கோ வியூவைத் தேடும் முன்பே ‘டிஸ்அலவ்டு ஹோஸ்ட்’ என்ற பிழையை எழுப்பி 400 (தவறான கோரிக்கை) என்று பதில் அனுப்பிவிடும். பிழைகாண்பதற்கான டீபக் நிலை இயக்கத்தில் இருந்து பட்டியல் காலியாக இருந்தால், லோக்கல்ஹோஸ்ட் முகவரிகளை ஜாங்கோ தானாகவே ஏற்றுக்கொள்வதால், மடிக்கணினியில் ஓடிய செயலி சர்வருக்குப் போன அன்றே இந்தப் பிழையைக் காட்டுகிறது.

பட்டியல் சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், என்ஜின்எக்ஸ் எந்த ஹோஸ்ட் பெயரைப் பின்னால் அனுப்புகிறது என்று பாருங்கள். நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாதவரை, உலாவி அனுப்பிய பெயரை அது அனுப்புவதில்லை. ‘புராக்ஸி பாஸ்’ வரியில் எழுதிய பின்னணிப் பெயரையே ஹோஸ்ட் ஆக்கிவிடும். அந்தப் பெயரில் அடிக்கோடு இருந்தால், அது செல்லுபடியாகும் டொமைன் பெயரே அல்ல என்று ஜாங்கோ இன்னொரு காரணமும் சொல்லி மறுக்கும். ‘புராக்ஸி செட் ஹெட்டர்’ வரியில் ஹோஸ்ட்டை அசல் பெயருக்கு அமைப்பதே தீர்வு. பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டு வாயை அடைப்பது தீர்வாகாது. போலி ஹோஸ்ட் பெயரோடு வரும் கோரிக்கையிலிருந்து கடவுச்சொல் மீட்பு இணைப்புகள் உருவானால், அவை அந்தப் போலி முகவரியையே சுட்டும்.

சர்வரின் ஐபி முகவரியை நேரடியாகத் தட்டும் தானியங்கிகளாலும் இதே பிழை பதிவை நிரப்பும். பெயர் பொருந்தாத கோரிக்கைகளுக்கென்று என்ஜின்எக்ஸில் ஓர் இயல்நிலைத் தொகுதி அமைத்து, 444 கொடுத்து அங்கேயே இணைப்பை மூடிவிடலாம்.

400 ஒரே ஒரு படிவத்துக்கு மட்டும், அதுவும் பெரிய படிவத்துக்கு மட்டும் வந்தால் காரணம் வேறு. ஒரு கோரிக்கையில் அதிகபட்சம் 1000 புலங்களையே ஜாங்கோ இயல்பாக ஏற்கும். சாதாரண நாளில் மண்டிக்காரர் பத்துக் கடைகளுக்கான அளவுகளை ஒரே அட்டவணையில் நிரப்பி அனுப்பும்போது இது தெரியாது. ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் 45 காய்களும் 25 கடைகளும் கொண்ட அட்டவணை 1125 புலங்களாகும்போது, யாரும் நிரலைத் தொடாமலேயே செயலி உடைந்ததுபோல் தோன்றும். ‘டேட்டா அப்லோடு மேக்ஸ் நம்பர் ஃபீல்ட்ஸ்’ அளவை அளவோடு உயர்த்தலாம். ஆனால் காலியாக உள்ள கட்டங்களை அனுப்பாமல், நிரப்பியவற்றை மட்டும் ஜேசன் வடிவில் அனுப்புவதே என் தேர்வாக இருக்கும்.

அறிகுறி: எடைச்சீட்டின் படத்தை அனுப்பினால் மட்டும் 413

இது என்ஜின்எக்ஸின் குரல். கோரிக்கை உடலின் அளவுக்கு அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. இன்றைய கைபேசிக் கேமராவின் படம் அதை எளிதில் தாண்டும். ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ மதிப்பை, அந்தப் பாதைக்கு மட்டும், 8 அல்லது 10 எம்பி என்று உயர்த்துங்கள்.

உயர்த்திய பிறகு 413 மறைந்து அதே இடத்தில் 400 தோன்றினால், படம் கோப்பாக வரவில்லை, பேஸ்64 எழுத்துகளாக ஜேசனுக்குள் வருகிறது என்று ஊகிக்கலாம். கோப்பு அல்லாத உடல் தரவுக்கு ஜாங்கோ வைத்திருக்கும் தனி வரம்பு 2.5 எம்பி, பேஸ்64 ஆக்கும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதால், 2 எம்பி படமே அந்த வரம்பைக் கடந்துவிடும். மல்டிபார்ட் வடிவில் கோப்பாக அனுப்பினால் இந்த வரம்பில் அது கணக்கில் வராது, 2.5 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஜாங்கோ நினைவகத்தில் வைக்காமல் தற்காலிகக் கோப்பாக எழுதிக்கொள்ளும்.

அறிகுறி: படிவத்தை அனுப்பினால் 403, சிஎஸ்ஆர்எஃப் சரிபார்ப்பு தோல்வி

வேறொரு தளம் பயனரின் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்க, படிவத்தோடு வரும் ரகசிய டோக்கனை ஜாங்கோ பார்ப்பதே இந்தச் சரிபார்ப்பு. படிவத்தில் டோக்கன் குறியை எழுத மறந்திருந்தால் அது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். நேற்றுவரை ஓடிய செயலியில் இது திடீரென்று வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, ஜாங்கோவை 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு உயர்த்தியது. அதிலிருந்து, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து புறப்பட்டது என்று உலாவி சொல்லும் ஆரிஜின் ஹெட்டரும் சரிபார்க்கப்படுகிறது. ‘சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஆரிஜின்ஸ்’ பட்டியலில் வெறும் டொமைன் பெயர் போதாது, எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டோடு முழுமையாக எழுத வேண்டும்.

இரண்டு, மறையாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்து, அதற்குப் பின்னால் சாதாரண எச்டிடிபியாகக் கோரிக்கை செல்வது. உலாவி தன் ஆரிஜினை எச்டிடிபிஎஸ் என்று சொல்கிறது. ஜாங்கோவோ தனக்கு வந்தது எச்டிடிபி என்று நம்புகிறது. இரண்டும் பொருந்தாததால் மறுக்கிறது. ‘எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ’ ஹெட்டரை என்ஜின்எக்ஸ் எப்போதும் தானே எழுதும்படி செய்து, ஜாங்கோவில் ‘செக்யூர் புராக்ஸி எஸ்எஸ்எல் ஹெட்டர்’ அமைப்பில் அதைக் குறிப்பிட வேண்டும். ‘எப்போதும் தானே எழுதும்படி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் அதே பெயருள்ள ஹெட்டரை அப்படியே உள்ளே விட்டால், யார் வேண்டுமானாலும் தன் இணைப்பு பாதுகாப்பானது என்று ஜாங்கோவிடம் பொய் சொல்லலாம். எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும் அமைப்பை இயக்கியதும் பக்கம் முடிவில்லாமல் தன்னிடமே திரும்பித் திரும்பி வருவதும் இதே குறையின் இன்னொரு முகம்.

மூன்று, உள்நுழையும்போது ஜாங்கோ டோக்கனை மாற்றிவிடுவது. இரண்டு தாவல்களில் செயலியைத் திறந்து வைத்து, ஒன்றில் உள்நுழைந்துவிட்டு மற்றொன்றில் பழைய படிவத்தை அனுப்புபவருக்கு 403 வரும். இதில் பழுது ஒன்றும் இல்லை; பயனருக்குப் புரியும்படி, பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் பிழைப் பக்கம் ஒன்றை வைத்தால் போதும்.

விலக்குக் குறி போட்டுச் சரிபார்ப்பை நிறுத்துவது, குக்கி வழி அடையாளம் காணும் எந்த வியூவுக்கும் பொருந்தாது. கைபேசிச் செயலிக்கென்று தனி ஏபிஐ இருந்தால், அதைக் குக்கியிலிருந்து விடுவித்து டோக்கன் முறைக்கு மாற்றுங்கள். அப்போது இந்தச் சரிபார்ப்புக்கே தேவை எழாது.

அறிகுறி: கோரிக்கை வியூவை எட்டுகிறது, ஆனால் போஸ்ட் தரவு காலி

உள்ளடக்க வகையைப் பாருங்கள். ஜாங்கோவின் போஸ்ட் அகராதி, படிவ வடிவிலும் மல்டிபார்ட் வடிவிலும் வரும் தரவை மட்டுமே பிரித்துத் தரும். ஜேசன் வந்தால் அகராதி காலியாகவே இருக்கும். கோரிக்கையின் உடலை நீங்களே எடுத்துப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே தரவு ஓடையைப் படித்துவிட்ட கோரிக்கையில் உடலைக் கேட்டால் ஜாங்கோ பிழை எழுப்பும் என்பதால், பதிவுக்காக உடலைப் படிக்கும் மிடில்வேர் எழுதியவர்கள் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். கோப்பு மட்டும் வரவில்லை என்றால் படிவத்தில் மல்டிபார்ட் குறிப்பு விடுபட்டிருக்கிறது. ஒரு புலம் மட்டும் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் பண்பு இல்லை, அல்லது அது செயலிழக்கச் செய்யப்பட்ட புலம். அத்தகைய புலங்களை உலாவி அனுப்புவதே இல்லை. ஒரே பெயரில் பல மதிப்புகள் வந்து, கடைசி ஒன்று மட்டும் கிடைத்தால் ‘கெட்லிஸ்ட்’ முறையைப் பயன்படுத்துங்கள்.

இவை எதுவும் இல்லாமல், போஸ்ட் (தரவு அனுப்பும் முறை) செய்த கோரிக்கை கெட் (பக்கத்தைக் கேட்கும் முறை) ஆக வந்து சேர்கிறது என்றால், அணுகல் பதிவில் அதற்கு முந்தைய வரியைத் தேடுங்கள். அங்கே ஒரு 301, அதாவது வேறு முகவரிக்குத் திருப்பும் பதில், இருக்கும். முகவரியின் இறுதியில் சாய்கோடு இல்லாமல் அனுப்பினால், சாய்கோடு சேர்த்த முகவரிக்கு ஜாங்கோ திருப்பி அனுப்புகிறது. 301 கிடைத்த உலாவி இரண்டாம் முறை கெட் ஆகப் போகிறது. வழியில் ஆர்டர் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. டீபக் நிலையில் ஜாங்கோ இதைப் பிழையாகவே எழுப்பி எச்சரிக்கும். உற்பத்திச் சர்வரில் எதுவும் சொல்லாமல் திருப்பிவிடும் என்பதால்தான் இது நாள்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும்போதும் இதே இழப்பு நேரும். செயலியில் எழுதிய முகவரியைத் திருத்துவதுதான் வழி.

அறிகுறி: தமிழ்ப் பெயர் உள்ள முகவரிக்கு மட்டும் 404

ஜாங்கோவின் முகவரிப் பட்டியலில் ‘ஸ்லக்’ என்று அறிவித்த இடம் ஆஸ்கி எழுத்துகள், எண்கள், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழில் உள்ள ஊர்ப்பெயர் அதில் ஒருபோதும் பொருந்தாது. ‘எஸ்டிஆர்’ வகைக்கு மாற்றினால் பொருந்தும்.

மாற்றியதும் அடுத்த பிரச்சினை எழும். யூனிகோடு அனுமதியோடு ‘ஸ்லக்கிஃபை’ (பெயரை முகவரிக்கேற்ற வடிவமாக்கும் செயற்கூறு) செய்தாலும், பைத்தானின் சொல்லெழுத்து வரையறைக்குள் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்காததால், அவை அனைத்தும் கழிக்கப்படும். ‘தென்காசி’ என்று கொடுத்தால் ‘தனகச’ என்று கிடைக்கும். இரண்டு வெவ்வேறு ஊர்கள் ஒரே எச்சமாகச் சுருங்கி மோதுவதும் நடக்கும். முகவரியில் எண்ணை வைத்து, தமிழ்ப் பெயரை அலங்காரமாக மட்டும் அதன் பின்னால் சேர்ப்பது பாதுகாப்பானது; தமிழ்ப் பெயரே அடையாளமாக வேண்டும் என்றால், இடைவெளியைச் சிறுகோடாக்கும் சிறு செயற்கூறு ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முகவரிப் பட்டியலில் முதலில் பொருந்தும் வரியே வெல்லும் என்பதால், ‘புதிய’ என்ற பக்கத்தை ‘எஸ்டிஆர்’ வகை வரிக்கு மேலே எழுத வேண்டும்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே பெயர், தேடினால் கிடைக்கவில்லை, பதிந்தால் இரண்டு வாடிக்கையாளர்

இந்த எல்லைப் பகுதியில் எழுதப்படும் செயலிகள் கட்டாயம் சந்திக்கும் சிக்கல் இது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலைக்கு இருபுறமும் தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதுபவர்கள் இன்றும் கலந்தே இருக்கிறார்கள். ஒரே ஆர்டர் படிவத்தில் இரு எழுத்துகளும் வரும்.

தமிழில் ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். யூனிகோடு தரம் இவ்விரண்டையும் ஒன்றாகவே வரையறுத்திருப்பதால், படிவத்தின் ‘கிளீன்’ நிலையில் என்எஃப்சி இயல்பாக்கம் (சமமான வடிவங்களை ஒரே குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவருவது) செய்தால் தமிழ் தொடர்பான சிக்கல் தீர்ந்துவிடும்.

மலையாளச் சில்லு எழுத்துகளுக்கு, அதாவது தனி வடிவம் கொண்ட மெய்யெழுத்துகளுக்கு, அந்த வசதி இல்லை. 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் சில்லுகளுக்குத் தனிக் குறியீடுகள் வந்தன. அதற்கு முன் மெய், சந்திரக்கலை (தமிழின் புள்ளி போன்ற குறி), அகலமற்ற இணைப்பான் என்ற மூன்று குறியீடுகளின் தொடராகவே அவை எழுதப்பட்டன. பழைய விசைப்பலகைகளும் பழைய கோப்புகளிலிருந்து நகலெடுத்த பெயர்களும் இன்னும் அந்த வடிவத்தைத் தரக்கூடும். இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று தரம் அறிவிக்காததால் என்எஃப்சி அவற்றைத் தொடுவதில்லை. ‘ராஜன்’ என்ற பெயர் மலையாளத்தில் சில்லில் முடிவதால், ஒரே ராஜனுக்கு இரண்டு கணக்குகள் உருவாகிவிடும். ஐந்து பொதுச் சில்லுகளுக்கும் பழைய தொடரைப் புதிய குறியீடாக மாற்றும் அட்டவணை ஒன்றை நீங்களே எழுத வேண்டும்.

வரிசையில் தவறக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் எல்லாவற்றையும் முதலிலேயே நீக்கிவிட்டால், இணைப்பான் போய்ச் சில்லு வெறும் சந்திரக்கலையாகிவிடும். பிறகு மாற்ற எதுவும் இருக்காது. சில்லு மாற்றம் முதலில், என்எஃப்சி அடுத்து, எஞ்சிய அகலமற்ற குறியீடுகளைத் தேடலுக்கான தனிப் பத்தியில் மட்டும் நீக்குவது இறுதியில். காட்சிக்கான பெயரிலிருந்து அவற்றை நீக்க வேண்டாம். ‘க்ஷ’ எழுத்தைப் பிரித்துக் காட்டுவதற்காகவே அகலமற்ற பிரிப்பானைச் சேர்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பைத்தானின் ‘ஸ்ட்ரிப்’ இந்தக் குறியீடுகளை வெற்றிடமாகக் கருதுவதில்லை என்பதால், அதை நம்பியிருப்பதில் பயனில்லை.

அறிகுறி: ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது

இந்தப் பட்டியலில் பணம் செலவாகும் பிழை இதுதான். இருபது மூட்டை சின்ன வெங்காயம் நாற்பதாக ஏறிப் போனால், திரும்பக் கொண்டுவரும் வண்டி வாடகையை யார் தருவது என்ற பேச்சில் உறவே கெட்டுவிடும். எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே உள்ள மலைப்பாதை போன்ற இடத்தில், கைபேசி இணைப்பு நடுவழியில் அறுபடுவது இயல்பு. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, ஆர்டர் பதிவாகி, மறுமொழி திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால், பயனரின் திரையில் சுழலும் வட்டம் மட்டுமே இருக்கும். அவர் மீண்டும் அழுத்துவார். அவர் மீது குற்றம் இல்லை. பதிவில் சில நேரம் முதல் கோரிக்கைக்கு 499 இருக்கும். வாடிக்கையாளர் பக்கம் காத்திராமல் இணைப்பை மூடிவிட்டது என்பதற்கு என்ஜின்எக்ஸ் பயன்படுத்தும் எண் அது. சில நேரம் அதுவும் இருக்காது. சமிக்ஞை சொல்லாமல் மறைந்துவிட்டால் சிறிய மறுமொழி சர்வரின் அனுப்பு இடையகத்தில் விழுந்ததையே வெற்றியாகக் கருதி என்ஜின்எக்ஸ் 200 என்று எழுதிவிடும். ஆகவே 499 இல்லை என்பதால் மறுமொழி போய்ச் சேர்ந்தது என்று முடிவு செய்யாதீர்கள். 499 இருந்தாலும் வேலை நின்றுவிட்டது என்றும் பொருளல்ல. குனிகார்னின் ஒத்திசைவு வகை ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் செயல்முறை), எதிர்முனை போய்விட்டதை அறியாமல் வியூவை இறுதிவரை ஓட்டி, ஆர்டரையும் பதிந்துவிடும்.

பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் முடக்குவது நல்லது. போஸ்ட் முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்புவதும் நல்லது. முன்னது இரட்டை அழுத்தத்தையும், பின்னது புதுப்பித்தலால் வரும் மறு அனுப்புதலையும் தடுக்கும். அறுந்த இணைப்புக்கு இரண்டுமே மருந்தாகாது. ஒரே கடை, ஒரே காய், ஒரே அளவு ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நகல் என்று ஒதுக்கும் விதியைச் சிலர் எழுதுகிறார்கள்; திருவோணத்துக்கு முந்தின நாள் அதே கடைக்காரர் உண்மையாகவே இன்னொரு பத்து மூட்டை கேட்பார், அந்த விதி அதை விழுங்கிவிடும்.

முறையான தீர்வு, எத்தனை முறை வந்தாலும் ஒரே ஆர்டர்தான் என்று காட்டும் ஓர் ஒருமைச் சாவியை ஒவ்வொரு ஆர்டருக்கும் வைப்பது. படிவம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி (மீண்டும் வராத அடையாள எண்) உருவாக்கி மறைபுலமாக வையுங்கள். பொத்தானை அழுத்தும்போது உருவாக்கினால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் புதுச் சாவி பிறந்து நோக்கமே கெட்டுவிடும். ஆர்டர் அட்டவணையில் அந்தச் சாவிக்குத் தனித்துவக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். சோதனையை நிரலிடம் விடாமல் தரவுத்தளத்திடம் விடுங்கள். முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் பதிவது என்று எழுதினால், இரண்டு ஒர்க்கர்கள் ஒரே கணத்தில் தேடி, இரண்டும் இல்லை என்று கண்டு, இரண்டும் பதிய முனையும். கட்டுப்பாடு இருந்தால், முதல் பரிவர்த்தனை முடியும்வரை போஸ்ட்கிரெஸ் இரண்டாவதைக் காக்க வைத்து, பின் அதை மறுக்கும்.

அந்த மறுப்பைப் பிடிக்கும் இடத்தில் கவனம் தேவை. பதியும் வரியை ஓர் உள் ‘அட்டாமிக்’ (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும்) தொகுதிக்குள் வைத்து, கட்டுப்பாடு மீறியதால் எழும் ‘இன்டெக்ரிட்டி எரர்’ பிழையை அத்தொகுதிக்கு வெளியே பிடியுங்கள். உள்ளேயே பிடித்தால் பரிவர்த்தனை ஏற்கெனவே உடைந்திருக்கும். அடுத்த வினவல் எதுவாயினும் தோற்கும். பிடித்த பின், முன்பு பதிவான ஆர்டரை எடுத்து, முதல் முறை கொடுத்திருக்க வேண்டிய அதே மறுமொழியைக் கொடுங்கள். பயனருக்குப் பிழைச் செய்தி காட்டக் கூடாது. அவரைப் பொறுத்தவரை ஆர்டர் வெற்றிதான். சாவி ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மாறியிருந்தால் மட்டும் 409 (முரண்பாடு) கொடுத்து நிறுத்துங்கள். உறுதிச் செய்தியாகக் குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால் அதை ‘ஆன் கமிட்’ வழியே அனுப்ப வேண்டும். இல்லையெனில் பதிவாகாத ஆர்டருக்கும் செய்தி போய்விடும்.

அறிகுறி: 502 அல்லது 504

உடனடியாக, எல்லாப் பக்கங்களுக்கும் 502 என்றால் குனிகார்ன் ஓடவில்லை, அல்லது அதன் சாக்கெட்டை என்ஜின்எக்ஸால் தொட முடியவில்லை. பிழைப் பதிவில் உள்ள எண் காரணத்தைச் சொல்லும்: 111 என்றால் அந்த முனையில் கேட்பவர் இல்லை, 2 என்றால் சாக்கெட் கோப்பே இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை.

சரியாக முப்பது வினாடி கழித்து, ஒரு சில பக்கங்களுக்கு மட்டும் 502 என்றால் கதை வேறு. குனிகார்ன் தன் ஒர்க்கருக்கு இயல்பாகத் தரும் கெடு 30 வினாடி. என்ஜின்எக்ஸ் பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பான கெடு 60 வினாடி. முன்னது முதலில் முடிவதால் ஒர்க்கர் கொல்லப்பட்டு 502 வருகிறது. குனிகார்ன் பதிவில் ‘ஒர்க்கர் டைம்அவுட்’ என்ற வரி இருக்கும். யாரோ குனிகார்ன் கெடுவை மட்டும் 120 ஆக உயர்த்தியிருந்தால் அதே குறை 504 என்று வேடம் மாற்றும். இரண்டு கெடுவையும் உயர்த்திக்கொண்டே போவது நோயை மூடிவைப்பது. வெளிச் சேவையை அழைக்கும் வரிகளைத் தேடுங்கள். பைத்தானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகம், நீங்கள் கெடு குறிப்பிடாவிட்டால் முடிவின்றிக் காத்திருக்கும். ஒவ்வோர் ஆர்டர் வரிக்கும் தனி வினவல் போடும் பட்டியல் பக்கங்களுக்கு ‘செலக்ட் ரிலேட்டட்’, ‘பிரீஃபெட்ச் ரிலேட்டட்’ உதவும். குறுஞ்செய்தி, பிடிஎஃப் ஆக்கம் போன்றவற்றைச் செலரி போன்ற பின்னணி வரிசைக்கு மாற்றுங்கள்.

குனிகார்னின் இயல்பான ஒர்க்கர் எண்ணிக்கை ஒன்றே ஒன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சர்வரின் சிபியு கோர்களின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டுவது அதன் ஆவணமே சொல்லும் தொடக்க அளவு. என்ஜின்எக்ஸ் இல்லாமல் குனிகார்னை நேரடியாக வெளியே காட்டியிருந்தால், மலைப்பாதையில் மெதுவாகப் படம் ஏற்றும் ஒரே கைபேசி ஓர் ஒர்க்கரை முழுவதுமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் உடலை முழுமையாக வாங்கிய பின்பே பின்னால் தள்ளுவதால் அந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: ஒருவர் அதிகமாக அழுத்தினால் எல்லோருக்கும் 429

429 என்பது கோரிக்கைகள் வரம்பை மீறிவிட்டன என்ற மறுப்பு. ஐபி முகவரிவாரியாக வரம்பிட்டிருந்தால் இது நேரும். ஜாங்கோவின் பார்வையில் எல்லோரும் 127.0.0.1 என்ற ஒரே முகவரியிலிருந்து வருகிறார்கள், ஏனெனில் அதற்கு அருகில் இருப்பது என்ஜின்எக்ஸ்தான். யூனிக்ஸ் சாக்கெட் என்றால் முகவரி காலியாகவே இருக்கும். ‘எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்’ ஹெட்டரைப் படிக்கலாம். ஆனால் அதன் இடப்பக்க மதிப்பை அனுப்புபவரே புனையக்கூடும், உங்கள் என்ஜின்எக்ஸ் வலப்பக்கம் சேர்த்த மதிப்பை மட்டுமே நம்பலாம். அதைச் சரிசெய்தாலும், கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால், உள்நுழைந்த பயனர் கணக்கைக் கொண்டு வரம்பிடுவதே சரி.

சில சிறு அறிகுறிகள்

கைபேசிச் செயலி அனுப்பும் ஒரு ஹெட்டர் மட்டும் காணாமல் போனால், அதன் பெயரில் அடிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின்எக்ஸ் அத்தகைய ஹெட்டர்களை இயல்பாகவே கைவிடும். வியூ ‘நன்’ மதிப்பைத் திருப்பியது என்று 500 வந்தால், படிவம் செல்லாதபோது போகும் கிளையில் மறுமொழி எழுத விடுபட்டிருக்கிறது. சர்வர் பதிவில் 200 இருந்தும் உலாவி தடுத்தால் அது கோர்ஸ், அதாவது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் மறுமொழியைப் படிக்க அனுமதிக்கும் விதி, சார்ந்த பிரச்சினை. ஜாங்கோவுக்கெனத் தனியாக நிறுவும் கோர்ஸ் மிடில்வேரைக் ‘காமன் மிடில்வேர்’ வரிக்கு மேலே வைத்து, ‘ஆப்ஷன்ஸ்’ கோரிக்கைக்கு என்ன மறுமொழி போகிறது என்று பாருங்கள்.

எந்த அறிகுறியிலும் அடங்காதபோது

சர்வருக்குள் நுழைந்து, கர்ல் கருவியால் அதே கோரிக்கையைக் குனிகார்ன் முனைக்கு நேரடியாக, சரியான ஹோஸ்ட் ஹெட்டரோடும், எச்டிடிபிஎஸ் என்று சொல்லும் புரோட்டோ ஹெட்டரோடும் அனுப்புங்கள். அங்கேயும் பிழை என்றால் என்ஜின்எக்ஸை மறந்துவிடலாம். அங்கே சரியாக இருந்தால், அடுத்து அதே சர்வரிலிருந்து என்ஜின்எக்ஸ் வழியாக அனுப்புங்கள். அதுவும் சரியென்றால் வெளியே இன்னொரு கணினியிலிருந்து. அதுவும் சரியென்றால் பயனரின் அதே வகைக் கைபேசியிலிருந்து, அதே கணக்கில். எந்தப் படியில் மறுமொழி மாறுகிறதோ அந்தப் படிக்கும் முந்தைய படிக்கும் இடையிலுள்ள அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்.